மந்தனும் மாணாக்கனே: சிறப்புக் கல்வி உயர்கல்வியான வரலாறு

தமிழாசிரியர் எவரும் நன்னூற் பாயிரத்தை மறந்திருக்க இயலாது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய அவ்விலக்கண நூல், எழுத்தையும் சொல்லையும் ஆராயப் புகுமுன், ஆசிரியன் யார், மாணாக்கன் யார் என்று வரையறுக்கிறது. அன்னத்தையும் ஆவையும் போன்றோர் முதல் மாணாக்கர். மண்ணையும் கிளியையும் போன்றோர் இடை மாணாக்கர். ஓட்டைக் குடத்தையும் ஆட்டையும் எருமையையும் நெய்யரியையும் போன்றோர் கடை மாணாக்கர். இதனோடு நில்லாது, நூல் கற்பிக்கத் தகாதோர் இன்னார் என்றும் அது ஒரு பட்டியல் தருகிறது. கள்வனும் சினத்தனும் இடம்பெறும் அப்பட்டியலில் பிணியனும் மந்தனும் இடம்பெற்றுள்ளனர்.

இதனைக் கொண்டு பவணந்தியாரைக் குறைகூறப் புகுதல் முறையன்று. உயர்நூல் கற்க நாடி வந்தோரை மனத்திற் கொண்டு அவர் எழுதினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி என்ற கருத்தே அரும்பாத காலம் அது. ஆயினும் ஒரு வினா எழுகிறது. பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அம்மாணாக்கன் வகுப்பறைக்குள் வந்தது எவ்வாறு? அவனுக்குக் கற்பிக்கும் முறை, பல்கலைக்கழகங்கள் முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் வழங்கும் ஒரு தனித் துறையாக வளர்ந்தது எவ்வாறு? பணியிலிருந்துகொண்டே சிறப்புக் கல்வியில் மேற்பட்டம் பெற ஆசிரியர் சிலர் முனைந்து வரும் இந்நாளில், அவ்வரலாற்றை அறிந்துகொள்வது நலம் பயக்கும். 'இரக்க மனம் இருந்தால் போதாதா, பட்டம் எதற்கு?' என்ற கேள்விக்கு அவ்வரலாறே விடை பகர்கிறது.

காட்டிலிருந்து வந்த சிறுவன்

1800-ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் தெற்கே அவேரோன் பகுதியில், காட்டில் தனியே திரிந்த சிறுவன் ஒருவன் பிடிபட்டான். அவனுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு அகவை இருக்கலாம். பேச்சில்லை; ஆடை உடுத்தவும் அறியான். பாரிசுக்குக் கொண்டுவரப்பட்ட அவனை அந்நாளின் பெயர்பெற்ற மனநல மருத்துவரான பினெல் ஆராய்ந்து, அவன் திருத்தவொண்ணா அறிவிலி என்று முடிவு கட்டினார். அம்முடிவை ஏற்க மறுத்தவர் ழான் இட்டார் என்ற இளம் மருத்துவர். காது கேளாதோர் பள்ளியிற் பணியாற்றிய அவர், சிறுவனுக்கு விக்டர் எனப் பெயரிட்டு ஐந்தாண்டுகள் கற்பித்தார்.

விக்டர் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. சில சொற்களை அடையாளங் கண்டான். பொருள்களைப் பெயரட்டைகளோடு பொருத்தினான். தன்னைப் பேணிய அம்மையாரிடம் அன்பு காட்டினான். இட்டார் தம் முயற்சி தோல்வியுற்றதாகவே கருதினார். ஆயினும் தாம் செய்தவற்றையெல்லாம் 1801-இலும் 1806-இலும் இரண்டு அறிக்கைகளாக எழுதி வைத்தார். இன்ன பயிற்சி கொடுத்தேன், இன்ன விளைவு கண்டேன், இவ்விடத்தில் தடைப்பட்டேன் என்று மறைக்காமல் எழுதிய அவ்வறிக்கைகளே சிறப்புக் கல்வியின் முதல் ஏடுகள் எனலாம்.

அவரிடம் பயின்ற எட்வார்டு செகென், 1839-இல் பாரிசில் அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவர்க்கெனப் பள்ளி நடத்தினார். 1850-ஐ ஒட்டி அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தார். புலன்களுக்கும் தசைகளுக்கும் முதலிற் பயிற்சி தந்து அறிவை எழுப்பும் முறையை 1866-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அந்நூல்கள் உரோமாபுரியில் மரியா மாண்டிசோரி என்ற பெண் மருத்துவரின் கைக்கு எட்டின. 1900-இல் அவர் அந்நகரில், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென அமைந்த பயிற்சி நிலையத்தின் இயக்குநர்களுள் ஒருவரானார். இட்டார், செகென் ஆகியோரின் எழுத்துகளை இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதிக்கொண்டார். எதற்காக? ஒவ்வொரு சொல்லின் பொருளையும் நின்று நிதானித்து உணர்வதற்காக. பின்னர், மருத்துவப் பட்டம் பெற்றிருந்த அவர், மீண்டும் மாணவியாக உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் கல்வியியலும் பயிலச் சேர்ந்தார். 1907-இல் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லம் உலகப் புகழ் பெற்றது. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுதும் இந்தியாவில் தங்கி, ஆசிரியர் பலருக்குப் பயிற்சியளித்தார். மாண்டிசோரி முறையை இன்று பாலர் பள்ளிகளில் கையாளுவோர், அதன் வேர் 'கற்பிக்கவியலாதோர்' எனத் தள்ளப்பட்ட பிள்ளைகளிடம் உள்ளது என்பதை நினைவிற் கொள்வாராக.

அற்புதமும் ஏடும்

எலன் கெல்லரின் கதையை அறியாத ஆசிரியர் இலர். பார்வையும் செவிப்புலனும் இழந்த ஆறு அகவைச் சிறுமியிடம் 1887 மார்ச்சில் இருபது அகவை ஆன் சல்லிவன் வந்து சேர்ந்தார். தண்ணீர்க் குழாயடியில், நீரின் பெயர் கையில் எழுத்தெழுத்தாகக் குறிக்கப்பட, சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பைச் சிறுமி உணர்ந்தாள். 1904-இல் அவர் ரேட்கிளிஃப் கல்லூரிப் பட்டதாரியானார். பட்டமில்லா இளம்பெண் அன்பினால் மட்டுமே நிகழ்த்திய அற்புதம் என்று இதனை மேடைகளில் முழங்குவோர் உண்டு.

உண்மை வேறு. பார்வைக் குறைபாடுடைய சல்லிவன் பாஸ்டனிலிருந்த பெர்கின்சு பார்வையற்றோர் பள்ளியிற் படித்தவர். அப்பள்ளியில் லாரா பிரிட்ச்மன் என்ற பார்வையும் செவிப்புலனும் அற்ற பெண்மணி வாழ்ந்து வந்தார். 1837-இல் அங்குக் கொண்டுவரப்பட்ட லாராவுக்கு டாக்டர் சாமுவேல் ஹௌ விரலெழுத்து வழியாக மொழி கற்பித்திருந்தார். அவ்விரலெழுத்தைக் கற்று லாராவோடு உரையாடியவர் சல்லிவன். எலனிடம் புறப்படுமுன், ஹௌ எழுதி வைத்திருந்த அறிக்கைகளைப் பல நாள் ஊன்றிப் படித்தார். குழாயடி நிகழ்ச்சிக்குப் பின்னால் ஐம்பதாண்டுக் கால ஏடு ஒன்று இருந்தது. அன்பு சல்லிவனுடையது, வழி ஹௌவினுடையது. ஏட்டில் எழுதப்படாத அன்பு ஒருவரோடு மறைந்துவிடும். எழுதப்பட்ட அறிவு அடுத்தவர் கைக்குச் செல்லும். ஆசிரியரின் உயர்கல்விக்குரிய அடிப்படை இதுவே.

பல்கலைக்கழக வாயில்

ஒருவரிடமிருந்து ஒருவர் கற்ற இக்கலை நிறுவனமாக மாறிய காலம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதி. காது கேளாதோர் உயர்கல்வி பெறுவதற்கென வாசிங்டனில் அமைந்த கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையை 1864-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் அளித்தது. அக்கல்லூரியில் 1891-இல் ஆசிரியர் பயிற்சிப் பிரிவு தொடங்கப்பட்டது. ஆனால், நெடுங்காலம் அப்பிரிவிற் செவிப்புலன் உள்ளோரே சேர்க்கப்பட்டனர். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், காது கேளாதோர் ஆசிரியராகப் பயிற்றப்படக் கூடும் என்று அஞ்சி அப்பிரிவுக்கு நிதியளிப்பதை எதிர்த்தார். யாருக்காகக் கல்லூரி எழுந்ததோ, அவர்கட்கே ஆசிரியப் பயிற்சி மறுக்கப்பட்ட முரண்பாடு அது.

இங்கிலாந்தில், 1919-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் செவிப்புலனற்ற பிள்ளைகளின் ஆசிரியர்க்கென விரிவுரையாளர் பதவி ஒன்றை நிறுவி, ஐரீன் கோல்ட்சாக் என்ற ஆசிரியையை அதில் அமர்த்தியது. நியூயார்க்கில், எலிசபெத் ஃபாரெல் என்ற ஆசிரியை 1899-இல் குடியேறிகள் நிறைந்த ஏழைப் பகுதியில், வகுப்பு வரிசைக்குள் அடங்காத பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்தத் தொடங்கினார். பின்னர், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் அவர் பாடம் நடத்தினார். அங்கு 1922-இல், சிறப்புக் குழந்தைகளின் கல்விக்கான அனைத்துலக மன்றம் அவர் தலைமையில் உருவாயிற்று. இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. வகுப்பறைக் கரும்பலகையின் முன் நின்றவர்களே பல்கலைக்கழகக் கதவைத் தட்டினர்.

பட்டம் பெற்றோர் இழைத்த தீங்கு

உயர்கல்வி நன்மையே செய்தது என்று மட்டும் எழுதினால் இவ்வரலாறு பொய்யாகிவிடும். 1905-இல் பிரான்சில் ஆல்பிரெட் பினே, சிமோன் என்பவரோடு சேர்ந்து, வகுப்பிற் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுதற்கென ஓர் அளவுகோலை வகுத்தார். அறிவு மாறாத ஒன்றென எண்ணுவது தவறு என்றும் அவர் எச்சரித்தார். அவ்வளவுகோலை 1908-இல் அமெரிக்காவின் வைன்லண்டு பயிற்சிப் பள்ளிக்குக் கொண்டு சென்றவர் ஹென்றி காடர்டு. முனைவர் பட்டம் பெற்ற உளவியலார். உதவிக்கென வந்த கருவி அவர் கையில் முத்திரை குத்தும் கருவியாயிற்று. அறிவுக் குறைபாடு குருதி வழி வருவது, அத்தகையோரைப் பிரித்து வைத்தலே நாட்டுக்கு நலம் என்று 1912-இல் ஒரு குடும்பத்தைச் சான்றாகக் காட்டி நூல் எழுதினார். 1927-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், அறிவு குன்றியோர் எனப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1928-இல் காடர்டு தம் கருத்துகள் பலவற்றை மாற்றிக்கொண்டார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

பிள்ளையை அளக்கக் கற்றுக்கொண்ட கல்வி, பிள்ளைக்குக் கற்பிக்கக் கற்றுக்கொள்ளாவிடில் நேரும் கேடு இது. சிறப்புக் கல்வியில் மேற்பட்டம் நாடுவோர் ஒவ்வொருவரும் இவ்வதிகாரத்தைத் தவறாது படித்தல் வேண்டும்.

இரவில் நடந்த பள்ளி

அளப்பதிலிருந்து கற்பிப்பதற்குத் துறையைத் திருப்பியவர்களுள் தலையாயவர் சாமுவேல் கர்க். 1904-இல் வடக்கு டக்கோட்டாவில் பிறந்த அவர், இளமையில் தம் தந்தையாரின் பண்ணையாட்களுக்கு எழுத்தறிவித்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மேற்பட்ட மாணவராக இருந்தபோது, நகருக்கு வெளியே, நெறிதவறிய சிறுவர்க்கான விடுதிப் பள்ளியொன்றிற் பணியாற்றினார். அங்கிருந்த பத்து அகவைச் சிறுவன் ஒருவனுக்குச் சற்றும் வாசிக்க வராது; கற்கும் விருப்பமோ மிகுதி. மற்றவர் உறங்கிய பின், விடுதிக் கழிவறையின் வாயிலில் எரிந்த விளக்கொளியில், அவனுக்குக் கர்க் இரவுதோறும் கற்பித்தார். தமக்குத் தெரிந்தது போதாதென உணர்ந்து, எழுத்துக் குருடு பற்றிய நூல்களைத் தேடிப் படித்தார். வாசிப்புத் தடை பற்றி ஆராய்ந்த மரியன் மன்ரோ என்ற அம்மையாரிடம் சென்று முறைகளைக் கற்றார். ஏழு மாதங்களில் அச்சிறுவன் மூன்றாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கும் நிலையை எட்டி, விடுதியிலிருந்து வீடு திரும்பினான்.

1935-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கர்க், 1952-இல் இல்லினாய்சு பல்கலைக்கழகத்தில் சிறப்புக் குழந்தைகள் பற்றிய ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். 1963 ஏப்ரல் 6-ஆம் நாள் சிகாகோவிற் கூடிய பெற்றோர் மாநாட்டில், அறிவுக் குறைவின்றியும் வாசிக்கவோ எழுதவோ இடர்ப்படும் பிள்ளைகளைக் குறிக்க 'கற்றல் குறைபாடு' என்ற தொடரை எடுத்துரைத்தார். மூளையிற் கோளாறு என்று மருத்துவர் சொன்ன இடத்தில், கற்றலில் இடர் என்று சொன்னார். மூளையை ஆசிரியர் தொட இயலாது. கற்றலைத் தொட இயலும். ஒரு சொல்மாற்றம் பொறுப்பையே இடம் மாற்றியது.

இதற்கிடையே அரசும் விழித்துக்கொண்டது. 1958-இல் அமெரிக்கா இயற்றிய சட்டமொன்று, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் ஆசிரியர்களைப் பயிற்றவல்லோரை உருவாக்குதற்கென, உயர்கல்வி நிலையங்களுக்கு ஆண்டுக்குப் பத்து இலட்சம் டாலர் ஒதுக்கியது. பிள்ளைகளுக்கு ஆசிரியர் வேண்டும்; ஆசிரியர்க்குப் பேராசிரியர் வேண்டும்; ஆகவே முதலில் விதைநெல்லைச் சேர்ப்போம் என்ற உழவனின் அறிவு அச்சட்டத்தில் இருந்தது. 1963-இல் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் அவ்வுதவியைப் பிற குறைபாடுகளுக்கும் விரிவாக்கியது. அறிவு வளர்ச்சி குன்றிய தங்கை ஒருவர் அவருக்கு இருந்தார் என்பது ஈண்டு நினையத்தக்கது. 1975 நவம்பர் 29-ஆம் நாள், உடற்குறையோ அறிவுக் குறையோ உடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் தகுந்த இலவசக் கல்வி உண்டென்ற சட்டம் நிறைவேறியது. அந்நாளில் அத்தகைய பிள்ளைகள் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் பத்து இலட்சம் பேர் பொதுப் பள்ளியினின்று முற்றாக ஒதுக்கப்பட்டிருந்தனர் என்று அச்சட்டமே பதிவு செய்துள்ளது. 1958-இன் விதைநெல் இல்லாதிருந்திருப்பின், 1975-இன் உரிமை ஏட்டளவில் நின்றிருக்கும்.

மலேசிய மண்ணில்

நம் நாட்டிலும் இவ்வரலாறு அருளறத்தில் தொடங்கியது. 1926-இல் மலாக்காவில் ஆங்கிலிக்கன் சமயத்தார் தொடங்கிய செயின்ட் நிக்கலசு பார்வையற்றோர் இல்லம், பின்னர்ப் பினாங்கிற்கு மாறியது. 1954-இல் பினாங்கில் காது கேளாதோர்க்கான கூட்டரசுப் பள்ளி எழுந்தது. கற்றல் இடருடைய பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளிகளில் தனி வகுப்புகள் 1988-இல் முளைவிட்டன. ஆசிரியர்கள் செராசிலிருந்த சிறப்பாசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் பயின்றனர். மேற்பட்டம் விரும்பியோர் வெளிநாடு சென்றனர். 1993-இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், மான்செஸ்டர், பர்மிங்காம், கேம்பிரிட்சு ஆகிய பல்கலைக்கழகங்களின் துணையோடு சிறப்புக் கல்விப் பட்டப்படிப்பை வகுத்தது. 1919-இல் மான்செஸ்டரில் ஏற்றிய விளக்கு இங்கும் ஒளி தந்தது எனலாம்.

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சிறப்புக் கல்விக்கு இடமளித்தது. அதன்கீழ் 1997-இல் வந்த விதிகளோ, 'கற்பிக்கத்தக்க' பிள்ளைகளே சேரத் தகுதியுடையோர் என்றன. நன்னூலின் பட்டியல் ஏழு நூற்றாண்டு கடந்து, கோலாலம்பூரின் அரசிதழிலும் நிழலாடியது போலும்! 2008-இல் மாற்றுத்திறனாளர் சட்டம் நிறைவேறியது; 2010-இல் ஐக்கிய நாட்டு மன்றத்தின் உடன்படிக்கையை நம் நாடு ஏற்றது; 2013-இல் புதிய விதிகள் பழையனவற்றின் இடத்தைப் பிடித்தன; 2019-இல் எப்பிள்ளையையும் திருப்பியனுப்பாக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. கதவு திறந்துவிட்டது. உள்ளே வரும் பிள்ளைக்குக் கற்பிக்க அறிந்த ஆசிரியர் வேண்டும் என்பதே இனி நம்முன் நிற்கும் கடமை.

தமிழாசிரியர் ஆற்ற வேண்டியது

தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றிலும் இன்று சிறப்புக் கல்வி வகுப்புகள் உள்ளன. எனினும், இவ்வரலாற்றில் தமிழ் எழுத்தைக் கற்க இடர்ப்படும் பிள்ளையைப் பற்றிய ஏடு எங்கே? கர்க்கும் மன்ரோவும் ஆராய்ந்தது ஆங்கில வாசிப்பு. ஆங்கிலப் பிள்ளைக்கு ஓரெழுத்து இடவலம் மாறித் தோன்றுவதைப் பற்றி நூல்கள் பல உள. நம் பிள்ளையின் இடர் வேறு வகையது. 'கெ' என்று ஒலிக்கையில் மெய் முன்னும் உயிர் பின்னும் வருகின்றன. எழுதுகையிலோ கொம்பு முன்னே வந்து நிற்கிறது. 'கொ' என்பதில் கொம்பு ஒருபுறமும் கால் மறுபுறமுமாக நடுவில் மெய் சிறைப்படுகிறது. காதில் கேட்கும் வரிசையும் கண்ணிற் காணும் வரிசையும் மாறுபடும் இவ்விடத்தில் எத்தனை பிள்ளைகள் இடறுகின்றனர் என்பதை வகுப்பாசிரியர் அறிவார். 'கடல்', 'பகல்', 'தங்கம்' ஆகிய மூன்று சொற்களிலும் ஒரே ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. லகர ளகர ழகரங்களும், னகர ணகர நகரங்களும் வீட்டுப் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. இவற்றுள் எது எல்லாப் பிள்ளைகளுக்கும் நேரும் இயல்பான தடுமாற்றம், எது சிறப்புத் துணை தேவைப்படும் குறைபாடு என்று பிரித்தறிவதற்கு மான்செஸ்டர்ப் பேராசிரியரோ சிகாகோ ஆய்வாளரோ வரமாட்டார். தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவரே அவ்வாய்வைச் செய்தல் வேண்டும்.

சிறப்புக் கல்வியில் முதுகலைப் பட்டம் என்பது இதற்குரிய பயிற்சியே. ஒரு பிள்ளையை நாள்தோறும் உற்றுநோக்கிப் பதிவு செய்தல், தடை எங்கே என்று கண்டறிதல், தனியாள் கல்வித் திட்டம் வகுத்தல், விளைவை அளந்து முறையை மாற்றுதல், கண்டதைப் பிறர் பயன்படுத்தும் வண்ணம் ஆய்வேடாக்குதல் ஆகியவை அதன் உறுப்புகள். இட்டார் விக்டருக்காகச் செய்தவையும் இவையே. பணி முடிந்த மாலைகளிலும் விடுமுறைகளிலும் பயிலுதல் எளிதன்று. குடும்பப் பொறுப்பும் கட்டணச் சுமையும் உண்டு. பதவி உயர்வுக்காக மட்டும் பயில்வோர்க்கு அச்சுமை பெரிதாகத் தோன்றலாம். பின்வரிசையிலிருக்கும் ஒரு பிள்ளையின் முகத்தை நினைந்து பயில்வோர்க்கு அதனைத் தாங்கும் வலிமை பிறக்கும்.

நன்னூலார் ஓட்டைக் குடத்தை உவமை காட்டினார். வார்த்த நீரெல்லாம் ஒழுகிவிடும் என்பது அவர் கண்ட உண்மை. ஓட்டை எங்குள்ளது, அதை அடைப்பது எவ்வாறு, அடைபடாதெனின் நீரை வேறு எவ்வழியில் தருவது என்று கேட்பது, அவருக்குப் பின் இருநூறு ஆண்டுகளாக மருத்துவரும் ஆசிரியருமாகப் பலர் சேர்த்து வைத்த அறிவு. அவ்வறிவின் ஏட்டில் பிரெஞ்சுப் பக்கம் உண்டு. இத்தாலியப் பக்கம் உண்டு. ஆங்கிலப் பக்கங்கள் மிகப் பல உண்டு. தமிழ்ப் பக்கத்தை எழுத வேண்டியவர்கள், இன்று ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் மாணவர்களும் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் நிற்கும் ஆசிரியர்களுமே ஆவர்.